சித்தியின் குரலில் மூன்று வாரம்

என் சித்தி குரலுக்குப் பாடம் எடுத்தார். பாட்டுக்கு அல்ல, பேச்சுக்கு. இதைச் சொன்னவுடன் எங்கள் சனம் சிரிக்கும். "பேசிறதுக்கு ஆருக்குப் பாடம் வேணும்? எங்கட ஆக்களுக்கு வாயை மூடத்தான் பாடம் வேணும்" என்பார்கள். சித்தி இதைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர். "தொண்டை நோ எண்டால் டொக்டரிட்டப் போங்கோ. தொண்டை சுகமா இருந்தும் நீங்கள் சொல்லுறதை ஒருத்தரும் கேக்கினமில்லை எண்டால் என்னட்ட வாங்கோ" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் புன்னகைப்பார். அந்த ஒரே மூச்சில் மயங்கியே கேட்டவர் அடுத்த கிழமை வந்து பெயர் கொடுப்பார்.

ரொறன்ரோவின் கிழக்கோரம் ரூஜில், அப்பாவின் தம்பியான சித்தப்பா புதிதாக வாங்கியிருந்த வீட்டின் பேஸ்மென்ற்தான் வகுப்பறை. சுவரில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று, தரையில் ஒரு பாய். பாய் எதற்கென்றால், வருகிறவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் முதல் நாள் அதில் மல்லாந்து படுக்க வேண்டும். வயிற்றின்மேல் தடித்த ரெலிபோன் புத்தகம் ஒன்று வைக்கப்படும். மூச்சு விடும்போது புத்தகம் ஏறி இறங்க வேண்டும், நெஞ்சு அசையக் கூடாது. கல்யாண மண்டபங்களில் மைக் பிடிக்கிற, ஊரெல்லாம் தெரிந்த அறிவிப்பாளர் ஒருவர் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக அப்படிப் படுத்திருந்ததைப் படிக்கட்டில் இருந்து பார்த்து நான் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறேன். வியாழக்கிழமைக்கு வியாழக்கிழமை குரல் அடைத்துப்போகிற பள்ளிக்கூட ரீச்சர் ஒருவர் பிக்கரிங்கிலிருந்து வருவார். கல்முனைப் பக்கத்து முஸ்லிம் குடும்பத்தவர். வகுப்பில் முப்பது பிள்ளைகளை அடக்கி அடக்கியே தொண்டையைக் கெடுத்துக்கொண்டவர். வீடு விற்கிற ஏஜென்ற் அண்ணை ஒருவர் இருந்தார். ஆள் ஆறடி, குரல் மட்டும் எலிக்குஞ்சு. இவர்கள் எல்லாருக்கும் சித்தி 'அன்ரி'. தன்னைவிடப் பத்து வயது மூத்த அறிவிப்பாளருக்கும் அன்ரிதான்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடம் விட்டதும் நான் சித்தி வீட்டுக்குத்தான் போவேன். அம்மாவும் அப்பாவும் வேலை முடிந்து வர ஆறரை ஆகும். வீட்டுப்பாடம் செய்கிறேன் என்று பேஸ்மென்ற் படிக்கட்டில் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு வகுப்பு முழுவதையும் ஒட்டுக்கேட்பேன். சித்தி சொல்லிக்கொடுப்பதை அவரிடம் காசு கொடுத்துப் படித்தவர்களைவிடச் சீக்கிரமாகப் பிடித்தவள் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான். இன்று அதே துறையில் படித்து முடித்து, ஆசிரியர்களுக்கும் மேடை ஏறுகிறவர்களுக்கும் நானே பயிற்சிப் பட்டறை நடத்துகிறேன். ஒருவர் வாயைத் திறந்தால் என்ன சொல்கிறார் என்பதைவிட எங்கே மூச்சு எடுக்கிறார் என்றுதான் என் காது முதலில் போகிறது. இந்தப் பைத்தியம் அந்தப் படிக்கட்டில் பிடித்தது.

அங்கே நான் கற்ற முதல் வித்தை, சித்தி மாதிரியே பேசுவது. ஒரு வசனத்தின் கடைசிச் சொல்லைக் கீழே விழவிடாமல் மெதுவாக இறக்கி வைப்பார் அவர். 'ஓம்' சொன்னால் அந்த 'ம்' கொஞ்சம் நின்று போகும். இது எல்லாம் எனக்கு இரண்டு மாதத்தில் வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் சித்தப்பாவுக்கே வித்தியாசம் தெரியவில்லை. ஒருநாள் மேலேயிருந்து, "இஞ்சரப்பா, தேத்தண்ணி போடுங்கோ" என்று நான் குரல் கொடுக்க, அவர் நிஜமாகவே எழும்பிப்போய்க் கேத்திலை வைத்துவிட்டார். வீட்டில் விருந்தினர் வந்தால் என்னைப் பேசச்சொல்லிக் கேட்டுச் சிரிப்பது ஒரு வழக்கமாகிவிட்டது.

அது இரண்டாயிரத்து ஒன்பது. வன்னியில் கடைசிச் சண்டை நடந்துகொண்டிருந்தது. சித்தியின் ஒரே தம்பி, மனைவியோடும் நாலு வயது மகளோடும் அங்கே உள்ளே அகப்பட்டிருந்தார். மாசி மாதத்துக்குப் பிறகு அவர்களிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. அதற்கு முன்பெல்லாம் மாதத்துக்கு ஒருதரமாவது கதைப்பார்கள். அந்தச் சின்னப்பிள்ளை ரெலிபோனை வாங்கி வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் மூச்சு மட்டும் விடும். "வயித்தாலதான் மூச்சு எடுக்கிறாள், நல்ல குரல் வரும்" என்று சித்தி இங்கே இருந்துகொண்டு தீர்ப்புச் சொல்லுவார். தம்பியின் அந்தப் பிள்ளையை அவர் நேரில் கண்டதே இல்லை.

அந்த இளவேனிலில் ரொறன்ரோத் தமிழர் எல்லாரும் தெருவில் நின்றோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள், கைக்குழந்தைகள், தாதிமார், கணக்காளர்கள், வேலைக்கு லீவு போட்டவர்கள், லீவு போடாமலே வந்தவர்கள். சண்டையை நிறுத்தச் சொல்லுங்கள் என்று டவுன்ரவுனில் குளிருக்குள் மணிக்கணக்காகக் கத்தினோம். முதல் நாள் சித்தி கூட்டத்துக்குள்ளும் பாடம்தான் எடுத்தார். கோஷம் போட்ட பெட்டைகளின் தோளில் தட்டி, "தொண்டையால கத்தாதேங்கோ பிள்ளையள், அடிவயித்தால எடுங்கோ, நாளைக்கும் குரல் வேணும்" என்றார். அந்தப் பெட்டைகள் ஆளையாள் பார்த்துச் சிரித்தார்கள். மூன்றாம் நாள் ஏதோ ஒரு செய்தி வந்தது, என்னவென்று எனக்கு யாரும் சொல்லவில்லை, சித்தி தன் பாடம் எல்லாவற்றையும் மறந்துவிட்டார். கழுத்து நரம்பு புடைக்க, தொண்டை கிழியக் கத்தினார். நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். அவருடைய எல்லாப் பிழைகளும் எனக்குத் தெரிந்தன. தோள் ஏறியிருந்தது, தாடை இறுகியிருந்தது, மூச்சு நெஞ்சில் நின்றது. நான் மனதுக்குள் திருத்திக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு பிள்ளை நான்.

மறுநாள் காலை சித்தியிடம் குரல் இல்லை. குரல் நாணில் இரத்தம் கசிந்திருக்கிறது, மூன்று வாரத்துக்கு ஒரு சொல் பேசக் கூடாது, குசுகுசுக்கவும் கூடாது, செருமவும் கூடாது, மீறினால் குரல் திரும்பாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

வீட்டில் இதை ஒரு நோயாகப் பார்த்ததைவிட ஒரு மானப்பிரச்சினையாகவே பார்த்தார்கள். சித்தப்பாதான் அதைச் சொல்லில் வைத்தார். "தலைக்கு எண்ணெய் விக்கிறவனுக்கு மொட்டை விழுந்தால் அவன் தொப்பியைக் கழட்டுவானே? குரல் படிப்பிக்கிறவளுக்குக் குரல் போட்டுது எண்டால் ஒரு குருவியும் இந்தப் பக்கம் வராது." ஊர் நிலைமை காரணமாக வகுப்புகள் தள்ளிப்போகின்றன என்று சொல்லிவிடலாம், அது பொய்யும் அல்ல. ஆனால் ரெலிபோன்? ஆட்கள் எடுப்பார்கள், அன்ரியின் குரலைக் கேட்பார்கள். சித்தப்பா யோசித்தபடி என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அவருக்கு அந்த யோசனை வந்த கணத்தை நான் கண்டேன்.

அம்மாவுக்கு விருப்பமில்லை. "பிள்ளையைப் பொய் சொல்லப் பழக்கிறியள்."

"பொய்யோ? அவளுக்கு இது பிறக்ரிஸ் எல்லே அண்ணி" என்றார் சித்தப்பா.

எனக்குத் தலை கால் புரியவில்லை. சனிக்கிழமைப் பேச்சுப் போட்டிகளில் யாரோ எழுதித்தந்ததைக் கையை ஆட்டி ஆட்டி ஒப்பித்துவிட்டுக் கேடயம் வாங்கி வருகிற எனக்கு, இது உண்மையான மேடை. தினமும் நாலு மணிக்கு நான் சித்தியின் குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் வந்து உட்காருவேன். எதிரே சித்தி ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் மார்க்கர் பேனையுமாக இருப்பார். மணி அடித்தால் நான் எடுப்பேன். ரெலிபோனில் இருப்பவர் கேட்பதை நான் இரண்டொரு சொல்லில் திருப்பிச் சொல்லுவேன். சித்தி பதிலை எழுதிக் காட்டுவார். நான் அதை அவர் குரலில் வாசிப்பேன். ரெலிபோன் விதிகள் இரண்டு. ஒன்று, முகம் சிரித்தபடியே இருக்க வேண்டும், முகம் சிரித்தால்தான் குரலும் சிரிக்கும். மற்றது, இடைவெளி விடக் கூடாது. இடைவெளி விட்டால் மறுமுனையில் இருப்பவருக்குப் பயம் பிடித்துவிடும்.

ஏஜென்ற் அண்ணை முதல் நாளே எடுத்தார். "அன்ரி, நாளைக்கு ஸ்ரௌவ்வில்ல ஒரு வீடு காட்டோணும். வாற சனம் நான் வாயைத் திறந்தவுடன சிரிக்குதுகள்."

சித்தி எழுதுவதற்குள் எனக்கு வாய் துடித்தது. "முதல்ல தோளை இறக்குங்கோ. இப்ப உங்கட தோள் காதுக்குக் கிட்ட நிக்குது."

"ஐயோ அன்ரி! எப்பிடித் தெரியும்?"

"கேக்குது" என்றேன், 'து'வை மெதுவாக இறக்கி வைத்து.

சித்தி பலகையை மேசையில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கவும் தடை. கண்ணால் நீர் வந்தது. அந்தச் சிரிப்புக்காக நான் எதையும் செய்யத் தயாராக இருந்தேன். பிக்கரிங் ரீச்சர் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தார். வகுப்பைப் பற்றி ஒன்றும் கேட்க மாட்டார். "மிஸ், உங்கட தம்பியாக்களுக்காக நாங்க துஆ செஞ்சிட்டு இரிக்கம்" என்பார். நான் சித்தியின் முகத்தைப் பார்ப்பேன். அவர் பலகையில் 'நன்றி' என்று எழுதுவார். நான் அதை வெதுவெதுப்பாகச் சொல்லுவேன். வெதுவெதுப்பாகச் சொல்வது எப்படி என்று எனக்குத் தெரியும். வாயின் பின்பக்கத்தைக் கொட்டாவிக்குத் திறப்பதுபோலக் கொஞ்சம் திறந்தால் போதும்.

மூன்றாம் கிழமை, ஒரு பின்னேரம், மணி அடித்தது. இலக்கம் தெரியவில்லை. நான் எடுத்து, சித்தியாக, "வணக்கம், சொல்லுங்கோ" என்றேன். காற்று அடிப்பதுபோல இரைச்சல். பிறகு நெடுந்தூரத்திலிருந்து ஓர் ஆண்குரல்.

"அக்கா? அக்கா, நான்தான்."

நான் ரெலிபோனைப் பொத்திக்கொண்டு, "சித்தி, உங்கட தம்பி" என்றேன். சித்தி எழும்பிய வேகத்தில் கதிரை பின்னால் விழுந்தது. ரெலிபோனைப் பிடுங்கிக் காதில் வைத்தார். வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது, காற்றுக்குள் தகரம் உரசுகிற மாதிரி ஒரு சத்தம். இன்னொருமுறை முயன்றார். அந்தப் பக்கத்தில் அவர் "ஹலோ? அக்கா? கேக்குதோ? ஹலோ!" என்று கத்துவது எனக்கும் கேட்டது. அந்த நாட்களில் உள்ளேயிருந்து வருகிற அழைப்பு எல்லாம் யாரோ ஒருவரின் சற்றலைற் போனில், நூறு பேர் வரிசையில் நின்று, ஆளுக்கு ஒரு நிமிடம் இரண்டு நிமிடம் என்று வாங்கிப் பேசுவது. அதை வீட்டிலுள்ள எல்லாரும் அறிந்திருந்தோம். சித்தி என்னைப் பார்த்தார். ரெலிபோனை என் கையில் திணித்தார். பலகையை எடுத்தார்.

'அக்காவுக்குக் குரல் இல்லை, அவவின்ர பெறாமகள் பேசுறன்' என்று சித்தி என்னைச் சொல்லச் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று நான் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். ஒரு நிமிடத்தில் அரை நிமிடம் அந்த விளக்கத்துக்கே போய்விடும் என்று நினைத்திருப்பார். அக்காவுக்கு என்னவோ என்று அவர் அங்கே பயப்படுவார் என்று நினைத்திருப்பார். அல்லது மூன்று கிழமையாக அந்தக் குசினியில் சித்தியின் குரல் என்றால் அது நான்தான் என்று ஆகிவிட்டிருந்தது, அவ்வளவுதான்.

பலகை: நான் சுகம்.

"நான் சுகமா இருக்கிறன்" என்றேன். முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டேன்.

"உன்ர குரலைக் கேட்டதே எனக்குக் காணும் அக்கா, வேற ஒண்டும் வேண்டாம்" என்றார் அவர். அவர் அழுதார் என்று நினைக்கிறேன்.

பலகை: எங்க நிக்கிறாய்?

கடற்கரைப் பக்கம் என்றார், ஓர் இடத்தின் பெயர் சொன்னார், இரைச்சலில் போய்விட்டது. நான் 'கடற்கரை' என்று வாயசைத்தேன். சித்தி தலையாட்டினார். கையின் புறத்தால் பலகையைத் துடைத்தார், எழுதினார்: எல்லாரும் சுகமோ?

"எல்லாரும் சுகமோ?"

பதில் உடனே வரவில்லை. அந்த லைனில் ஒவ்வொரு சொல்லும் ஒரு சுற்றுச் சுற்றித்தான் வரும். நான் காத்திருந்தேன். சிரித்துக்கொண்டே காத்திருந்தேன். சித்தி என் முகத்தையே பார்த்தபடி, நேரத்தை வீணாக்காமல், அடுத்ததை எழுதத் தொடங்கியிருந்தார்.

"சின்னவள் எங்களை விட்டிட்டுப் போட்டாளக்கா" என்றார் அவர். "முந்தநாள். பங்கருக்கு வாசலில வைச்சு. செல் விழுந்திட்டுது. நான் தூக்கினன், அக்கா, தூக்கைக்குள்ள..."

அவர் நிறுத்திவிட்டார். லைனில் ஓர் இடைவெளி விழுந்தது. இடைவெளி விடக் கூடாது. சித்தி பலகையை என் முகத்துக்கு நேரே பிடித்திருந்தார்.

நான் வாசித்தேன். "எல்லாரும் சாப்பிட்டனியளோ?"

கொட்டாவிக்குத் திறப்பதுபோல வாயின் பின்பக்கத்தைத் திறந்து, கடைசிச் சொல்லை மெதுவாக இறக்கி வைத்து.

அந்தச் சொல் ஒரு சுற்றுச் சுற்றி அவரிடம் போய்ச்சேர்ந்தது.

"என்னக்கா?" என்றார்.

கேட்கவில்லையாக்கும் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். கேட்கவில்லையென்றால் சத்தத்தைக் கூட்டாதே, எழுத்து எழுத்தாகத் தெளிவாகச் சொல்லு என்பது சித்தியின் பாடம். எழுத்து எழுத்தாகத் தெளிவாக, இன்னும் ஒருதரம் கேட்டேன்.

அந்தப் பக்கத்தில் யாரோ ஒருவர் "அண்ணை, நேரம், மற்ற ஆக்கள் நிக்கினம்" என்பது கேட்டது. பிறகு இரைச்சலும் நின்றது.

ரெலிபோனை வைத்தேன். சித்தி என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய கண், மூக்கு, வாய் எல்லாம் ஒரே கேள்வியாக இருந்தது. என் முகம் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. அதை எப்படிக் கழற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த முகத்தைத்தான் அவர் அந்த ஒன்றரை நிமிடமும் பார்த்திருந்தார். அந்த முகம் ஏற்கெனவே ஒரு செய்தியைச் சொல்லிவிட்டிருந்தது. நான் அதற்குப் பொருத்தமான சொல்லைத்தான் தேடினேன்.

"எல்லாரும் சுகமாம்" என்றேன், என் சொந்தக் குரலில்.

சித்தி மேசையில் தலையை வைத்து உடம்பு குலுங்க அழுதார். பிறகு எழும்பி என்னைக் கட்டிப்பிடித்தார். டொக்டரின் கட்டளையை மீறி, "அப்பனே முருகா" என்று ஒரு சொல் அவரிடமிருந்து கிளம்பியது, பாதி உடைந்து. இரவு வேலைக்காகப் படுத்திருந்த சித்தப்பா ஓடிவந்தார். கேட்டதும் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். "பாத்தியளே, என்ர பெறாமகள் இல்லாட்டி இண்டைக்கு என்ன நடந்திருக்கும்!"

அதோடு முடியவில்லை. சித்தி பெயர்களை எழுத எழுத, சித்தப்பா இலக்கத்தை அழுத்த அழுத்த, சொந்தக்காரர் வீட்டுக்கெல்லாம் அன்று நான்தான் பேசினேன். "தம்பி எடுத்தவன். ஓம், எல்லாரும் சுகமாம். ஓம், சின்னவளும்தான்." பிக்கரிங் ரீச்சர் "அல்ஹம்துலில்லாஹ்" என்று அழுதுவிட்டார். ஆறரைக்கு அம்மா வந்தபோது குசினியில் சந்தோசத்துக்கு வாங்கிய டோனற் பெட்டி திறந்திருந்தது. அம்மா என் முகத்தைப் பார்த்து, "ஏன் பிள்ளை வெளிறிப்போய் இருக்கிறாய்?" என்று கேட்டார். "களைச்சுப்போனாள், எவ்வளவு பேரோட கதைச்சவள்" என்றார் சித்தப்பா.

வைகாசியில் எல்லாம் முடிந்தது. அந்தக் கிழமையில் வீட்டில் ரீவியைப் போடுவதும் நிறுத்துவதுமாக இருந்தார்கள். சித்தியின் குரல் திரும்பியிருந்தது, ஆனால் மேலே போகும் இடத்தில் ஒரு கீறல் விழுந்திருந்தது. அது இன்றும் இருக்கிறது. ஒரு மாதத்துக்குப் பிறகு, முகாமிலிருந்து யாரோ மூலமாக ஒரு துண்டுக்கடிதம் வந்தது. தம்பியும் மனைவியும் முட்கம்பிக்குள்ளே இருக்கிறார்கள். பிள்ளை இல்லை. எப்போது, எப்படி என்று அதில் எழுதியிருக்கவில்லை.

அடுத்தநாள் சித்தி என்னைப் பேஸ்மென்றுக்குக் கூப்பிட்டார். பாயில் அவர் இருந்தார், நானும் இருந்தேன்.

"அண்டைக்கு அவன் பிள்ளையைப் பற்றி ஏதும் சொன்னவனோ அம்மா?"

"இல்லைச் சித்தி."

தோள் ஏறவில்லை. குரல் நடுங்கவில்லை. அவ்வளவு அழகாக அதற்கு முன்னும் பின்னும் நான் ஒரு சொல்லைச் சொன்னதில்லை. அவர் என்னை நம்பினார் என்று நினைத்தேன். நம்பியும் இருக்கலாம். பிள்ளை அதற்குப் பிறகுதான் போயிருக்க வேண்டும் என்று கணக்குப்போட்டு, "அண்டைக்கு எண்டாலும் சந்தோசமா இருந்திருக்கிறான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

முகாமைவிட்டு வெளியே வந்ததும் தம்பி சித்தப்பாவோடு பேசினார். சித்தி ரெலிபோனை வாங்கியதும் அவர் லைனை வைத்துவிட்டார். ஒருமுறை அல்ல, ஒவ்வொரு முறையும். சித்தி கடிதம் எழுதினார். பார்சல் அனுப்பினார், பார்சல் பிரிக்கப்படாமல் வேறு வீட்டுக்குப் போனது என்று கேள்விப்பட்டார். பிள்ளையை இழந்தவன், மனம் குழம்பியிருக்கிறான், காலம் போனால் சரிவரும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்ப விரும்பினேன். காலம் போனது. இன்றுவரை அக்காவும் தம்பியும் ஒரு சொல் பேசியதில்லை. இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சித்தி வீட்டுக்குப் போகிறேன், தொழில் கதைக்கிறோம், சண்டை பிடிக்கிறோம். வாயைத் திறக்கிறேன், வேறெதையாவது பேசிவிட்டு வருகிறேன். மற்றவர்களுக்குப் பேசச் சொல்லிக்கொடுத்துச் சீவிக்கிறவள் நான்.

இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம், மண்டபத்தில் நடந்தது இல்லாவிட்டால்.

அது யுத்தம் முடிந்து இரண்டு வருடம் கழித்து. பக்கத்து மார்க்கம் நகரில் ஒரு மண்டபம், சொந்தத்தில் ஒரு பிள்ளையின் முதலாவது பிறந்தநாள். எனக்குப் பதின்மூன்று வயது. சித்தியும் சித்தப்பாவும் நானும் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் நின்றோம். அந்தக் கிழமைதான் ஊரிலிருந்து வந்து சேர்ந்த ஒருவர், தம்பியின் மனைவிக்கு ஒன்றுவிட்ட அக்கா, எங்களை நோக்கி வந்தார். புதுச் சேலை, புதுச் சப்பாத்து, குளிருக்குப் பழகாத முகம். நலம் விசாரிக்க வருகிறார் என்றுதான் நினைத்தோம்.

"நீங்கள்தானே அவரின்ர அக்கா?"

"ஓம், வாங்கோ" என்றார் சித்தி, முகமெல்லாம் மலர்ந்து. தம்பியைக் கண்டுவிட்டு வந்தவர் அல்லவா.

"உங்களிட்ட ஒண்டு கேக்கோணும் எண்டு பிளேனிலயே நினைச்சுக்கொண்டு வந்தனான்." அவருடைய குரல் நடுங்கியது, மூச்சு எல்லாம் நெஞ்சில். "நாலு வயசுப் பிள்ளை செத்துப்போச்சு எண்டு அந்த மனுசன் உங்களுக்குப் போன் எடுத்துச் சொல்ல, எல்லாரும் சாப்பிட்டனியளோ எண்டு கேட்டனீங்களாம். ஒருக்கா இல்லை, ரெண்டுதரம். மெய்யோ? அண்டைக்கு அங்க ஒரு வாய் கஞ்சி இல்லை, தெரியுமே உங்களுக்கு? எப்பிடி மனம் வந்தது?"

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள். யாரோ தட்டில் கரண்டியை வைக்கிற சத்தம் கேட்டது. என் காது இரண்டும் சூடாகிவிட்டன. நான் கீழே, சித்தியின் சேலைக் கரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சித்தப்பாதான் முதலில் வாயைத் திறந்தார். "இல்லை, இல்லை, அண்டைக்குக் கதைச்சது..."

சித்தி அவருடைய கையைப் பிடித்தார். பிடித்தவர் என் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு கணம், ஒரே ஒரு கணம் அப்படி நின்றார்.

"நீங்கள் போய்க் காரை எடுங்கோ" என்றார் சித்தப்பாவிடம். பிறகு வந்தவரைப் பார்த்து, "ஓம். கேட்டனான். நான்தான் கேட்டனான்" என்றார்.

அந்தப் பெண் முகத்தைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு போய்விட்டார். ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் தட்டுகளைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

எனக்கு உடம்பிலிருந்து ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அன்றைக்கு ரெலிபோனில் பேசியது யார் என்பதே சித்திக்கு மறந்துவிட்டது என்று நினைத்தேன். பெரியவர்களுக்கு எதுவும் இரண்டு வருடத்துக்கு மேல் ஞாபகம் நிற்பதில்லை, நல்ல காலம் என்று நினைத்துக்கொண்டு, வரிசை நீள்வதற்கு முன்னர் ஐஸ்கிரீம் எடுக்க ஓடினேன்.